பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது

கடலூர் முதுநகரானாலும் வில்லியனூரானாலும், மருத்துவ முகாமில் இடுப்பளவு கேட்டால் ஆண்கள் பெரும்பாலும் பேன்ட் சைஸைத்தான் சொல்வார்கள். "34 சார்." அது தொப்பைக்குக் கீழே பேன்ட்டோ லுங்கியோ இறங்கி நிற்கும் இடம். அளக்க வேண்டியது அதற்கு மேலே. விலாப்பக்கம் கடைசி எலும்பின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள்; அடுத்து இடுப்பெலும்பின் மேல்முனை. இரண்டுக்கும் நடுவில், சட்டையை விலக்கி, முதுகுப் பக்கம் நாடா இறங்கிவிடாமல் சுற்றுங்கள். இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும்போது அளவைப் பாருங்கள். நாடாவைக் கண்டதும் வயிற்றை எக்காதவர் குறைவு!

ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். எடைக் குறியீட்டுக்கும் (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது) நமக்குத் தனி எல்லை உண்டு. 165 செ.மீ. உயரம், 64 கிலோ என்றால் குறியீடு 23.5. உலகப் பொது எல்லையான 25-இன்படி இது சரியான எடை. ஆனால் அதே குறியீட்டில் ஐரோப்பியரைவிட நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். அதனால் நமக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அப்படித் தனி எல்லை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவானது. நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள். "எங்க வம்சமே குட்டை" என்ற பதிலை இந்த வயதில் ஏற்காதீர்கள்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு இடக்கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டுச் சுற்றளவு எடுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு, 12.5-க்குக் கீழே மிதமானது. நாடாவை இறுக்கினால் தேறிய பிள்ளைக்கும் வீண் அலைச்சல். தளர்த்தினால் நலிந்த பிள்ளை கண்ணில் படாமலே போகும், இதுதான் ஆபத்து. இரண்டு முறை அளந்து 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும். இரு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி நின்றால், நாடா என்ன காட்டினாலும் மருத்துவமனைதான்.

குழந்தையின் உயரத்தை இரண்டு வயது வரை படுக்கவைத்தும், அதன்பின் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. பிசகும். கொண்டையும் மல்லிகைச் சரமும் உயரத்தைக் கூட்டும். கொலுசு எடையைக் கூட்டும். அரைஞாணைக் கழற்றத் தாய்மார்கள் சம்மதிக்க மாட்டார்கள், வற்புறுத்தவும் வேண்டாம்; அதோடு எடை பார்த்ததாகக் குறித்துவிட்டு, மாதாமாதம் அப்படியே பாருங்கள். எடை மெஷினைப் பாய் மேல் வைக்காதீர்கள்.

முதியவர்களுக்குச் சிக்கல் வேறு. முதுகு கூனினால் உயரம் குறைந்து எடைக் குறியீடு பொய்யாக ஏறும். கைகளை விரித்து நடுவிரல் முனையிலிருந்து முனை வரை அளந்தால் இளமைக்கால உயரம் ஏறக்குறையத் தெரியும். 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்-ரே பார்ப்பது நல்லது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெரியவர்களிடம் பழைய பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அதில் உயரம் எழுதியிருக்கும்.