தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமை யாருக்கு லீவு?

புதுக் காலண்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது, எத்தனை லீவு ஞாயிற்றுக்கிழமையில் போய் விழுந்திருக்கிறது என்பதைத்தான். 2026 காலண்டரில் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. தீபாவளி நவம்பர் 8, அதுவும் ஞாயிறு. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்பதால், டிசம்பர் மாதம் முழுக்க என்னிடம் வருகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், திங்கட்கிழமை லீவு உண்டுங்களா?"

சட்டப்படி தானாகக் கிடைக்காது. பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அடுத்த நாள் விடுமுறை என்று சொல்லும் பொது விதி இந்தியாவில் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெல்டர் ஒருவர் இதை நம்பவே மறுத்தார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கட்கிழமை விடுமுறை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. சிங்கப்பூரில் மறுநாள் 13ஆம் தேதி, யாரும் கேட்காமலே, சம்பளத்தோடு விடுமுறை. தமிழ்நாட்டிலும் அதே 13ஆம் தேதி அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி கல்லூரிகளுக்கும் லீவு கிடைத்தது. ஆனால் அது அரசு தனியாக ஆணை போட்டுக் கொடுத்தது. அதற்கு ஈடாக 18ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கிவிட்டார்கள். கொடுத்த லீவை அதே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

அந்தத் திங்கட்கிழமையில் ஏமாந்த ஒருவரைச் சொல்ல வேண்டும். உதிரி பாகம் செய்கிற சின்னப் பட்டறைக்காரர். சரக்குக்காகக் கொடுத்த செக் அந்த வாரம் கலெக்‌ஷனுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். "திங்கட்கிழமை அரசு விடுமுறைன்னு டிவியில் சொன்னாங்க, செவ்வாய்க்கிழமை பணம் கட்டிக்கலாம்னு இருந்துட்டேன்" என்றார். வங்கிகள் அன்று திறந்திருந்தன. செக் போனது, பணம் இல்லை, திரும்பி வந்தது. அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ், கையில் பதினைந்து நாள் அவகாசம், அதற்குள் தீபாவளிக் கடனையும் சேர்த்துப் புரட்டின கதை.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அரசு விடுமுறை எல்லாமே வங்கி விடுமுறை அல்ல. வங்கி விடுமுறையைத் தீர்மானிப்பது, செக், புரோநோட்டு போன்றவற்றுக்கான 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். அதன் 25ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்ட நாளா என்பதுதான் கேள்வி. தேர்த் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடும்போது செய்திக்குறிப்பின் கடைசிப் பத்தியைப் படித்திருக்கிறீர்களா? இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படவில்லை, கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு இயங்கும் என்று ஒரு வரி இருக்கும். பத்திரிகையில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுகிற வரியும் அதுதான்.

அதே 25ஆம் பிரிவில் இன்னொரு விஷயம் உண்டு. தேதி குறித்த புரோநோட்டோ, பில்லோ (இன்ன நாளில் பணம் தரச் சொல்லி எழுதும் மாற்றுச் சீட்டு) முதிர்கிற நாள் பொது விடுமுறையாக இருந்தால், கெடு அடுத்த நாளுக்குத் தள்ளிப் போகாது. முந்தின வேலை நாளுக்கு வந்துவிடும். 2025 ஜனவரி 26 ஞாயிற்றுக்கிழமை. 25ஆம் தேதி நான்காவது சனி. 2015 செப்டம்பர் முதல் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கி விடுமுறை. ஆக, 26ஆம் தேதி முதிர வேண்டிய பில்லுக்குக் கெடு 24, வெள்ளிக்கிழமை. நம் ஊர் புரோநோட்டுகளில் பெரும்பாலும் 'தாங்கள் கேட்கும்போது' என்றே எழுதுவதால் இந்தச் சிக்கல் அதிகம் வருவதில்லை. தேதி போட்டு எழுதுகிறவர்கள் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

கோர்ட்டு விவகாரம் இதற்கு நேர் எதிர். வழக்குப் போட வேண்டிய கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கிற நாளில் போடலாம். 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 4ஆம் பிரிவு. ஆனால் இதை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அனுப்ப வேண்டிய நோட்டீஸ் தபாலில் போகிற சங்கதி, கோர்ட்டில் செய்கிற காரியம் அல்ல. முப்பதாவது நாள் ஞாயிறு, திங்கட்கிழமை அனுப்பிக்கொள்ளலாம் என்று என் கட்சிக்காரர் யாரையும் நான் இருக்க விடுவதில்லை.

சரி, பட்டறைக்கு வருவோம். தனியார் தொழில் நிறுவனங்களுக்கு அரசின் விடுமுறைப் பட்டியல் பொருந்தாது. அவர்களுக்குத் தனியாக 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம். அதற்கு மேல் ஐந்து பண்டிகைகள். எந்த ஐந்து என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து அரசு ஆய்வாளர் குறிப்பார். மொத்தம் ஒன்பது நாள், சம்பளத்தோடு.

நான்கு தேசிய நாட்களை நகர்த்த முடியாது. ஞாயிறு வந்தால் வந்ததுதான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்கினால், சாதாரண ஞாயிறு மாதிரி கணக்குப் போட்டு முடிக்க முடியாது. இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு இன்னொரு நாள் சம்பள விடுப்பு. இதில் எது வேண்டும் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு. "காம்ப் ஆஃப் எடுத்துக்கோ", அதாவது பதிலுக்கு இன்னொரு நாள் லீவு எடுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் முடிவு செய்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

தினக்கூலி ஆட்கள் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு மாதிரி வாதாடுவார், அது அவர் வேலை. தினக்கூலிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூலி கிடையாது. ஆனால் இந்தச் சட்டம், அனுமதித்த ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊதியம் தர வேண்டும் என்கிறது. வார ஓய்வில் வந்தால் தர வேண்டாம் என்று அதில் நான் எங்கும் படிக்கவில்லை. ஆகவே ஞாயிறு வந்த ஜனவரி 26க்கும் கூலி உண்டு என்றே சொல்லிவருகிறேன்.

பண்டிகைகள் ஐந்தில்தான் பேச இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் பூட்டிக் கிடக்கிற பட்டறைக்குத் தீபாவளியைப் பட்டியலில் வைப்பானேன்? அந்த இடத்தில் வார நாளில் வருகிற வேறு பண்டிகையைக் கேட்கலாமே. இதை ஒரு பட்டறையில் 2026 பட்டியலுக்காக உட்கார்ந்து பேசியபோது சொன்னேன். மாதச் சம்பளக்காரர்கள் நான்கு பேரும் உடனே தலையாட்டினார்கள். லேத் ஓட்டுகிற தினக்கூலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தீபாவளி பட்டியலில் இருந்தா, ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி வருமில்லீங்க?" என்றார் அவர்களில் மூத்தவர்.

என் கணக்குப்படி வரும். முதலாளியும் தருவதாக ஒத்துக்கொண்டார். ஆறு நாள் வேலை, ஏழு நாள் கூலி, அதுவும் பண்டிகை வாரத்தில். தீபாவளி பட்டியலிலேயே இருந்துவிட்டது.