பல் எடுக்க வரும்போது மாத்திரைச் சீட்டையும் கொண்டு வாருங்கள்

பல் எடுக்க வருபவர்களிடம் "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது, "பிரஷருக்கு மட்டும் காலையில ஒண்ணு போடுறேன்" என்பார்கள். ஊசி மருந்தை எடுக்கும் நேரத்தில் கூட வந்த மகள், "அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கே, சொன்னீங்களாப்பா?" என்று கேட்பார். யாரும் வேண்டுமென்றே மறைப்பதில்லை. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நோய் அவர்களுக்கு நோயாகவே தெரிவதில்லை. பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமும் இருக்கிறது.

சம்பந்தம் இருக்கிறது. பல்லை எடுத்ததும் தாடை எலும்பில் ஒரு குழி திறந்திருக்கும். அதில் ஊறும் ரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் குழியை மூட வேண்டும். அந்தக் கட்டியின் மேல்தான் பிறகு சதை வளர்கிறது, எலும்பு வளர்கிறது. ஆகவே உங்கள் ரத்தம் எப்படி உறையும், உங்கள் எலும்பு எப்படி ஆறும் என்று தெரியாமல் பல்லில் கை வைக்கக் கூடாது. அதைச் சொல்வது உங்கள் மாத்திரைச் சீட்டு. பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாத்திரை அட்டையையே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை, ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் சாப்பிடுவார்கள். பல் எடுக்க வேண்டும் என்றதும், யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாரத்துக்கு முன்பே இவற்றை நிறுத்திவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல் எடுத்த இடத்தில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம், தையல் போடலாம், ரத்தத்தை உறைய வைக்கும் பஞ்சை உள்ளே வைக்கலாம். மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவற்றுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. பல் எடுப்பதற்கு முந்தைய ஓரிரு நாட்களுக்குள் எடுத்த பரிசோதனையின் முடிவு கையில் இருந்தால் எங்களால் தீர்மானிக்க முடியும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை உங்கள் இதய மருத்துவரும் நாங்களும் பேசி முடிவு செய்வோம். வால்வு வைத்தவர்களுக்கு, கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்காமல் இருக்க, பல் எடுப்பதற்குச் சற்று முன்பே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதிகம் பேர் சொல்லாமல் விடுவது எலும்புத் தேய்மானத்துக்கான மருந்துகளை. வாரத்துக்கு ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, இவை தினசரி மாத்திரைக் கணக்கில் வருவதே இல்லை. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு இதே வகை ஊசிகளை அடிக்கடி போடுவார்கள். சிலருக்குப் பல் எடுத்த பின் தாடை எலும்பு ஆறாமல், வாரக்கணக்கில் வாய்க்குள் வெளியே தெரிந்தபடியே கிடப்பதற்கு இவை காரணமாகலாம். ஊசி போடுபவர்களுக்கு, அதிலும் புற்றுநோய்க்காகப் போடுபவர்களுக்கு, இந்த ஆபத்து அதிகம். வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும். சிகிச்சை முடிந்து பல வருடம் ஆகியிருந்தாலும் அந்தத் தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவாகவே இருக்கும். வீட்டில் யாருக்காவது இப்படிப்பட்ட சிகிச்சை தொடங்கப் போகிறது என்றால், தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள்.

சுகர் இருப்பவர்கள் வழக்கமான நேரத்தில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையிலேயே வருவது நல்லது. ஆபரேஷன் மாதிரி என்று நினைத்து வெறும் வயிற்றில் வந்து, நாற்காலியிலேயே மயங்கிச் சாய்பவர்கள் உண்டு. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும் ஊசிதான் போடுகிறோம், அதனால் எல்லோருமே சாப்பிட்டுவிட்டு வரலாம். பிரஷர் 180/110-க்கு மேல் இருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில் வேறு நாள் சொல்வோம். அதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள்.

அப்புறம், மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம். படித்தவர்கள்கூட இதைக் கேட்கிறார்கள். மேல் பற்களுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தப் பயத்தால் மேல் பல்லில் சீழ் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வலி மாத்திரையிலேயே ஓட்டுகிறார்களே, அது ஆபத்து. கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே வரை ஏறி, கண்ணே திறக்க முடியாத நிலையில் வருகிறார்கள். கண்ணைக் காப்பாற்றத்தான் பல்லை விட்டுவைத்தேன் என்பார்கள். அந்தச் சீழ் மேலே பரவினால்தான் கண்ணுக்கே ஆபத்து.

வீக்கம் இருக்கும்போது பல்லை எடுக்கவே கூடாது என்பதும் முழு உண்மை இல்லை. வாய் திறக்க முடிந்து, மரத்துப்போக வைக்கவும் முடிந்தால், பல்லை எடுப்பதே சீழ் வெளியேற வழியாகும். சீழ் இருக்கும் இடத்தில் ஊசி மருந்து சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு, அப்போது சில நாள் மருந்து கொடுத்துப் பிறகு எடுப்போம். எது சரி என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊசி போட்ட பிறகு அழுத்தமும் இழுப்பும் தெரியும், வலி தெரியக் கூடாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம்.

சரி, பல்லை எடுத்தாயிற்று. இனிமேல் அந்த ரத்தக் கட்டியைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். ரத்தம் நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். நம் ஊரில் இதைச் சொல்லிப் புரிய வைப்பதுதான் கஷ்டம். ரத்தம் கலந்த எச்சிலை விழுங்குவதா என்று அருவருத்து, பஸ் ஸ்டாண்ட் வரை துப்பிக்கொண்டே போவார்கள். துப்பும் ஒவ்வொரு முறையும் கட்டி ஆட்டம் காண்கிறது, ரத்தம் மறுபடி கசிகிறது, மறுபடி துப்பத் தோன்றுகிறது. ஒரு சொட்டு ரத்தம் எச்சிலில் கலந்தாலும் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும். முதல் நாள் எச்சில் லேசாகச் சிவந்திருப்பது இயல்புதான். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, தானாக வெளியே வழிய விடுங்கள்.

அன்றைக்கு ஆறிய ரசம் சாதமோ தயிர் சாதமோ போதும். சூடான காபி வேண்டாம். மிக்சர், எள்ளுருண்டை போன்றவை குழிக்குள் போய் உட்காரும், ஒரு வாரம் தள்ளி வையுங்கள். குழந்தைகளுக்கு உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரமும் பக்கத்திலேயே இருங்கள். உணர்ச்சி இல்லாத உதட்டை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

பீடி, சிகரெட், புகையிலையைக் குறைந்தது மூன்று நாட்களாவது தொடாதீர்கள். குழியில் உள்ள ரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு திறந்து கிடக்கும். பல் எடுத்த முதல் நாள் குறைந்த வலி, இரண்டாம் மூன்றாம் நாளில் கடுமையாகத் திரும்பி, காது வரை இழுக்கும், வாயில் நாற்றம் வரும். கீழ்க் கடைவாயில், அதிலும் ஞானப்பல் எடுத்த இடத்தில், இது அதிகம். "வேர் உள்ளேயே மாட்டிக்கிட்டு இருக்கு" என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரையாக வாங்கிப் போடுவார்கள். இதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே வலி குறையத் தொடங்கும். எடுத்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.

பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகு வீக்கமும் காய்ச்சலும் கூடினாலோ உடனே வாருங்கள். தாடைக்கு அடியில் கல் போல வீங்கி, நாக்கு மேலே தூக்கி, சொந்த எச்சிலையே விழுங்க முடியவில்லை என்றால், பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். நடு ராத்திரி ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லிலிருந்து பரவும் அந்தச் சீழ் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியது. பல்லை எடுத்த பிறகும் அது வரலாம், எடுக்காமல் தள்ளிப்போட்ட பல்லாலும் வரலாம். பரவுவதற்கு அதற்குச் சில மணி நேரம் போதும்.