மலையில் பிறந்த குழந்தைக்கு ஏன் இரண்டாவது சோதனை?

"இன்னொரு தடவை பார்க்கணும்" என்று சிஸ்டர் சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் பிறந்த குழந்தைக்குச் செய்யும் ஸ்கிரீனிங் நோயை உறுதிசெய்யும் சோதனை அல்ல. நோயுள்ள ஒரு குழந்தையும் தப்பிவிடக் கூடாது என்பதற்காக, லேசாகச் சந்தேகம் வந்தாலே மறுபடி அழைக்கிற மாதிரிதான் அளவுகளை வைத்திருக்கிறார்கள். அப்படி அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவை நலமாகவே இருக்கும். நீலகிரியில் இதோடு உயரம், குளிர், ஈரம் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன.

முதலில், பிறவி இதயக் கோளாறு இருக்கிறதா என்று ரத்தத்திலுள்ள ஆக்சிஜனை வைத்துப் பார்க்கும் சோதனை. பிறந்து 24 மணி நேரம் கழித்து, வலது கையிலும் ஏதாவது ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பட்டையைச் சுற்றுவார்கள். இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், கைக்கும் காலுக்கும் வித்தியாசம் 3-க்கு மிகாமல் இருந்தால் போதும். 90-க்கும் 94-க்கும் இடையில் வந்தால் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள். இந்த எண்கள் சமவெளிக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டவை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான்; அங்கே நலமான குழந்தைக்கும் அளவு சில புள்ளிகள் இறங்கி நிற்கலாம். கூடலூர் அதில் பாதி உயரம்கூட இல்லை, அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

ஆனால் எல்லாவற்றையும் மலையின் தலையில் போட்டுவிட முடியாது. உயரம் கையையும் காலையும் ஒன்றாகவே இறக்கும். இரண்டுக்கும் நடுவே 3-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு உயரம் காரணமாகாது. 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது, உடனே டாக்டர் பார்க்க வேண்டும். கால் சில்லிட்டிருந்தாலும், குழந்தை அழுது உதைத்தாலும் கருவி தப்பாகக் காட்டும். அதனால் பாதத்தைச் சூடாக்கி, குழந்தை அமைதியாக விழித்திருக்கும்போது பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

அடுத்தது, தைராய்டு குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் குதிகால் ரத்தம். கருப்பையின் கதகதப்பிலிருந்து வெளியே வந்ததும் குழந்தையின் உடல் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனைக் கொட்டுகிறது. அரை மணிக்குள் உச்சத்துக்குப் போய், அடுத்த சில நாட்களில் அது இறங்கும். முதல் நாளே ரத்தம் எடுத்தால் இந்த இயல்பான ஏற்றமே நோய் மாதிரித் தெரியும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது. "பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தீர்கள்?" என்பதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. தொப்புளில் அயோடின் மருந்து தடவியிருந்தாலும் டி.எஸ்.எச். கூடலாம்.

குத்துவதற்கு முன் வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடம் பாதத்தில் சுற்றி வைத்தால் ரத்தம் தானாக வரும். குத்துவது குதிகாலின் ஓரத்தில், நடுவில் அல்ல. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். ரத்தத்தைச் சேகரிக்கும் அட்டையிலுள்ள வட்டம் ஒரே பக்கத்திலிருந்து முழுதாக ஊற வேண்டும். பிறகு அட்டையைப் படுக்கைவாட்டில், வெயிலும் ஹீட்டரும் படாமல் மூன்று நான்கு மணி நேரமாவது காயவிட வேண்டும். மூடுபனி இறங்கும் நாளில் அதற்கும் மேலே ஆகும். ஈரத்தோடு கவரில் போட்டால் மாதிரி கெட்டு, மறுபடி குத்த வேண்டி வரும். அந்த மறுகுத்தலுக்கும் குழந்தையின் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. குத்தும்போது தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறையும். மேசையில் தனியே கிடத்துவதைவிட இதுவே மேல்.

தைராய்டு குறைபாடு உறுதியானால் தைராக்ஸின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து தினமும் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றிவிடலாம். திரும்பக் கூப்பிட்டால் பஸ் இல்லை, மழை என்று தள்ளிப்போடக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொன்று சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். இந்தியாவில் அது முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ரத்தம் கரைசலில் கலங்குகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை பிறந்த குழந்தைக்கு உதவாது. கருவில் இருந்தபோது உண்டான ஹீமோகுளோபினே அதன் ரத்தத்தில் நிறைந்திருப்பதால் நோய் தெரியாமல் போகும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனைதான் கேட்க வேண்டும். முடிவில் 'கேரியர்' (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருப்பது) என்று வந்தால் அது நோய் அல்ல. பெற்றோர் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் அடுத்த பிள்ளைக்கு என்ன வாய்ப்பு என்பது தெரியும்.

காது சோதனைக்குப் பால் குடித்துத் தூங்கும் நேரமே சரி. முதல் இரண்டு நாட்களில் பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்மாவோ நீரோ காதுக்குள் தங்கியிருந்தாலே கருவி 'ரெஃபர்' (மறுபடி பார்க்க வேண்டும்) என்று காட்டும். ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அதே முடிவு வந்தால், மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனையை முடித்துவிட வேண்டும்.