மூக்கடைப்பு மாத்திரையும் முப்பது நாள் கணக்கும்

2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டபோது அந்தப் பெயர் தமிழ்நாட்டின் டீக்கடைகள் வரை வந்துவிட்டது. தேங்காய்த் தூளுக்குள்ளும் சத்துமாவுக்குள்ளும் ஒளித்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பப்படவிருந்த சரக்கு என்றார்கள். அது போதைப்பொருள் என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அது மூக்கடைப்புக்கான மருந்து. மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருளுக்கு மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. இரண்டின் மூலக்கூறிலும் கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான். சூடோஎபெட்ரினில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல், அவ்வளவுதான் வேறுபாடு. இதன் இரட்டைப் பிறவியான எபெட்ரினிலிருந்து மெத்தாம்பெட்டமினை ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1893-லேயே தயாரித்துவிட்டார்.

சளி பிடித்தவர் எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறப்பதில்லையே, ஏன்? அடைத்துக்கொண்டிருப்பது சளி மட்டுமல்ல. மூக்கின் உட்சுவரில் சுருண்டிருக்கும் எலும்புகளின் மேல் மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய இரத்த நாளங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. கிருமி தாக்கினால் அவற்றில் இரத்தம் தேங்கிச் சவ்வு வீங்கிக் காற்றுக்கு வழியில்லாமல் போகிறது. சூடோஎபெட்ரின் நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை வெளியேற்றுகிறது; நாளங்கள் சுருங்குகின்றன, வீக்கம் வடிகிறது. அதே வேலையை உடம்பின் மற்ற இடங்களிலும் செய்வதால் சிலருக்குத் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும்.

இந்த மாத்திரை அமெரிக்காவில் ஒரு காலத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் போல அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் பொருளாக இருந்தது. பெட்டி பெட்டியாக வாங்கிப்போய் வீட்டுக் கொட்டகையில் மெத்தாம்பெட்டமின், சுருக்கமாக ‘மெத்’, காய்ச்சினார்கள். 2004-ல் ஓக்லஹோமா மாநிலம் முதலில் அதை மருந்தாளுநரின் மேஜைக்குப் பின்னால் நகர்த்தியது. 2006-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது: புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும், பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஒரு நாளைக்கு 3.6 கிராம், 30 நாளைக்கு 9 கிராம், அதற்கு மேல் கிடையாது. கடைக்காரர் அந்தப் பதிவை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

கேட்கக் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நோட்டுப் புத்தகத்தில் எழுதும் கணக்கு அந்த ஒரு கடைக்கு மட்டும்தான் தெரியும். தெருவின் மறுபக்கத்துக் கடையில் அதே ஆள் அதே நாளில் இன்னொரு 3.6 கிராம் வாங்கலாம். மாநில எல்லையைத் தாண்டினால் இன்னும் வசதி.

களியக்காவிளைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. பஸ் நிலையத்தில் இறங்கித் திருவனந்தபுரம் சாலையில் சற்று நடந்தால் கேரளம். நம் நாட்டில் அல்பிரசோலம், கோடீன் போன்ற, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள விதி. களியக்காவிளைக் கடையின் பதிவேட்டைப் பார்ப்பவர் தமிழ்நாட்டு மருந்து ஆய்வாளர். பாறசாலைக் கடையின் பதிவேட்டைப் பார்ப்பவர் கேரளத்து ஆய்வாளர். ஒரே மருந்துச் சீட்டை எல்லைக்கு இருபுறமும் ஒருவர் காட்டினால், அந்த இரண்டு நோட்டுகளும் ஒரே மேஜையில் விரிக்கப்படும் வரை யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு வழக்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

மின்னணுக் கண்காணிப்பு இந்த இடைவெளியைத்தான் அடைக்கப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மருந்தாளுநர் சங்கம் 2005-ல் ‘புராஜெக்ட் ஸ்டாப்’ என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் சேர்ந்து பயன்படுத்துவது ‘என்பிலெக்ஸ்’. இதன் செலவை மாத்திரை தயாரிக்கும் கம்பெனிகளே ஏற்கின்றன. மருந்துச் சீட்டு கட்டாயமானால் விற்பனை படுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. இந்தத் தாராள மனசுக்குக் காரணம் அதுதான்.

கவுண்டரில் மருந்தாளுநர் அடையாள அட்டையை ஸ்கேன் செய்கிறார். அட்டை எண், கேட்கும் மருந்து, அதன் அளவு ஆகியவை மையக் கணினிக்குப் போகின்றன. இதே ஆள் இதற்கு முன் எந்தக் கடையில், எந்த மாநிலத்தில் எவ்வளவு வாங்கினார் என்று அது கூட்டிப் பார்த்து, ‘கொடுக்கலாம்’ அல்லது ‘நிறுத்து’ என்று சில நொடிகளில் பதில் சொல்கிறது. நோட்டு நடந்ததை எழுதி வைக்கும். இந்த அமைப்போ விற்பனை முடிவதற்கு முன்பே குறுக்கே வந்து நிற்கிறது. அதன் பலமெல்லாம் இந்த முன்பின் வரிசையில்தான் இருக்கிறது.

வரம்பைக் கணக்கிடும் முறையும் கவனிக்கத்தக்கது. 30 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையில் உப்பாகச் சேர்ந்திருக்கும் பகுதியைக் கழித்தால் உண்மையான சூடோஎபெட்ரின் 24.6 மில்லிகிராம். ஆக, ஒரு நாள் வரம்பு 146 மாத்திரை, 30 நாள் வரம்பு 366 மாத்திரை. இந்த 30 நாள் காலண்டர் மாதம் அல்ல, நகர்ந்துகொண்டே இருக்கும் சன்னல். ஒருவர் ஜூன் 5, 14, 25 ஆகிய நாள்களில் ஒவ்வொரு முறையும் 120 மாத்திரை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 360. ஜூலை 1 அன்று இன்னும் 24 கேட்டால் கணினி மறுக்கும். மாதம் பிறந்துவிட்டது என்ற சாக்கு அதனிடம் எடுபடாது. ஜூலை 6 வாக்கில் ஜூன் 5-ஆம் தேதிக் கணக்கு சன்னலை விட்டு வெளியேறும், அப்போது கிடைக்கும்.

நோயாளிக்கு இது போதுமா? பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு அதிகபட்சமாக எட்டு மாத்திரை எடுக்கலாம். மாதம் முழுக்க எடுத்தாலும் 240-தான். ஒவ்வாமையால் ஆண்டு முழுவதும் மூக்கடைத்துத் திரிபவர்கூட வரம்பைத் தொட மாட்டார். ஆனால் தனக்கும் கணவருக்கும் சேர்த்து ஒரே அட்டையில் வாங்கும் பெண்ணுக்கு மாதக் கடைசியில் ‘நிறுத்து’ வந்துவிடும். அவரைக் கடைக்காரர் சந்தேகத்தோடு பார்ப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

இன்னொரு நுணுக்கம்: மறுத்தால் வாடிக்கையாளர் கத்தியைக் காட்டலாம். அதற்காகவே பல மாநிலச் சட்டங்கள் ஒரு விலக்கு வைத்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மருந்தாளுநர் தடையை மீறிக் கொடுத்துவிடலாம், மீறியதும் பதிவாகிவிடும். சட்டம் எழுதியவர்களில் எவரோ ஒருவர் இரவு நேரக் கடையில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

பெயரை நம்பும் அமைப்புக்கு நம் எல்லைப்புறத்தில் வேறு தலைவலிகள் காத்திருக்கும். ஒரே மனிதர் ரேஷன் அட்டையில் எஸ். செல்வராஜ், ஓட்டுநர் உரிமத்தில் செல்வராஜ் எஸ்., கேரளத்தில் வாங்கிய சான்றிதழில் செல்வராஜன். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். எழுத்து ஒற்றுமையை மதிப்பெண் போட்டுப் பொருத்தும் நிரல்கள் உண்டு. மதிப்பெண்ணைத் தளர்த்தினால் சம்பந்தமில்லாத செல்வராஜும் மாட்டிக்கொள்வார். ஒரே எண்ணை எல்லாக் கடையிலும் கேட்டால் இது தீரும். ஆனால் சளி மாத்திரைக்கு ஆதார் கேட்கும் நாள் வந்தால், யார் எந்த நோய்க்கு மருந்து வாங்கினார் என்ற பட்டியல் யார் கையில் இருக்கும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இத்தனை செய்தும் அமெரிக்காவில் கள்ளத்தனமாக மெத் காய்ச்சுவது ஒழியவில்லை. ஒருவர் நிறைய வாங்க முடியாது என்றதும், பலர் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கி ஓரிடத்தில் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் வரம்புக்குள்தான் இருப்பார். கணினிக்குப் புகார் எதுவும் இருக்காது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் சொன்னது: மின்னணுப் பதிவு போலீசாருக்குத் துப்புத் துலக்க உதவுகிறது, ஆனால் காய்ச்சும் இடங்களின் எண்ணிக்கையை அது குறைத்ததாகத் தெரியவில்லை. 2006-லேயே மருந்துச் சீட்டைக் கட்டாயமாக்கிய ஆரிகான் மாநிலத்தில் அந்த எண்ணிக்கை நன்றாகவே சரிந்திருந்தது. பிறகு மெக்சிகோவின் பெரிய ஆலைகள் சூடோஎபெட்ரினே தேவைப்படாத வேறொரு வேதிவழிக்கு மாறிவிட்டன. 2022-ல் ஆரிகானும் சீட்டுக் கட்டாயத்தைக் கைவிட்டது.

இந்தியாவின் கண் மேலே, மூலப்பொருளில் இருக்கிறது. 2013-ல் வந்த கட்டுப்பாட்டு ஆணையின்படி சூடோஎபெட்ரினைத் தயாரிப்பவர், விற்பவர், பயன்படுத்தும் நிறுவனம் ஆகியோர் மத்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் தனிப் பதிவு எண் பெற வேண்டும். காலாண்டுக் கணக்கும் கொடுக்க வேண்டும். நம் நிலைமைக்கு இதுதான் பொருத்தம் என்பேன். 50 கிலோவை மாத்திரையாகச் சேர்க்க வேண்டுமென்றால் பதினாறு லட்சத்துக்கு மேல் வேண்டும். அதை யாரும் கவுண்டரில் வாங்கப்போவதில்லை.

களியக்காவிளையில் சளிக்கு வாங்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பாலும் பாரசிட்டமால், குளோர்பெனிரமினுடன் ‘பினைலெப்ரின் 10 மி.கி.’ என்று இருக்கும். அமெரிக்கக் கம்பெனிகளும் கெடுபிடி வந்ததும் இதற்குத்தான் ஓடின; இதிலிருந்து மெத் காய்ச்ச வழியில்லை. சிக்கல் என்னவென்றால், விழுங்கிய பினைலெப்ரினைக் குடல் சுவரே பெருமளவு சிதைத்துவிடுகிறது. மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, வாய்வழி எடுக்கும் இந்த மருந்து மூக்கடைப்புக்குப் பயன் தருவதில்லை என்று 16-க்கு 0 என வாக்களித்தது. 2024 நவம்பரில் அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது. அந்த முடிவு மூக்கில் நேரடியாக அடிக்கும் ஸ்ப்ரேவுக்குப் பொருந்தாது. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் ஸ்ப்ரேக்களும் வேலை செய்கின்றன. ஆனால் சில நாள்களுக்கு மேல் விடாமல் அடித்தால், மருந்து நின்றதும் நாளங்கள் முன்னைவிட மோசமாக வீங்கிக்கொள்ளும்.