அழுத தங்கையும் அழாத அண்ணனும்

ஓடும் பிள்ளைகளின் மனத்தெம்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தவர்களில், இம்மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த தாயார், ஆறாம் ஆண்டில் பயிலும் மகளைக் காட்டி, "தோத்துட்டா திடல்லயே உக்காந்து அழுவுறா டீச்சர், மனசுல தெம்பு வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க" என்றார். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) துணைக்கு வந்த 14 வயது அண்ணனும் அவளைப் போலவே குறுக்கோட்டம் (மேடு பள்ளமான நிலத்தில் நெடுந்தூர ஓட்டம்) ஓடுகிறவன்தான், நாற்காலி நுனியில் அமர்ந்து, காலணிக் கயிற்றில் பிரிந்திருந்த நூலை முறுக்கிக்கொண்டே இருந்தான். விசாரித்தபோது, போட்டி நாள் காலையில் மட்டும் அவனுக்கு வாந்தி வருவதும், வாயுக்கோளாறு என்று இரண்டு முறை கிளினிக்கில் மருந்து வாங்கியதும் தெரிந்தது. "ஆம்பளப் பிள்ளை, அவனுக்கென்ன பயம்?" என்று தாயார் சிரித்தார்.

எனக்குப் பொறுமை போவது இங்கேதான். அழுவது மனபலவீனம் அன்று. அந்தச் சிறுமி பத்து நிமிடம் அழுதுவிட்டு மறுநாள் மாலை பயிற்சிக்கு முதல் ஆளாக நிற்கிறாள் என்றால், அதற்குப் பெயர் மீண்டெழுதல். போட்டிக்கு முன் பதற்றம் அதிகம், தன்னம்பிக்கை குறைவு என்று ஆண்களைவிடப் பெண் பிள்ளைகளே சராசரியாகக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது அவர்கள் வாய்விட்டுச் சொல்வதன் கணக்கு. சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பையனின் பயம் வயிற்றின் வழியாக வெளியே வருகிறது. மேலும், பெண் பிள்ளைகளுக்குள்ளேயே காணப்படும் வேறுபாடு, இரு பாலாரின் சராசரிகளுக்கு இடையே உள்ளதைவிடப் பெரியது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்ற மலேசிய ஓட்ட வீராங்கனை எம். இராஜமணியை மேடைதோறும் புகழ்ந்துவிட்டு, திடலில் மட்டும் "பொட்டப்புள்ள மாதிரி ஓடாதே" என்று பையன்களைத் திட்டுகிறோம்.

பாலைவிட வயதைக் கவனியுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு முயற்சியும் திறமையும் ஒன்றே. 11, 12 வயதை ஒட்டித்தான் இரண்டையும் பிரித்தறிந்து, "முயன்றும் தோற்றேன், ஆகவே எனக்குத் திறமை இல்லை" என்ற முடிவுக்கு வருகிறது. பெண் பிள்ளைகளின் திடீர் வளர்ச்சி ஆண்களைவிட ஏறத்தாழ ஈராண்டு முன்னதாகவே தொடங்குவதால், உடல் மாறி, ஓட்ட நேரம் மேலும் குறையாமல் நிற்கும் பருவமும் அவர்களுக்கு இந்த வயதிலேயே வந்துவிடுகிறது. மாதவிடாய் நாளில் வெள்ளைக் காற்சட்டையுடன் ஆண் பயிற்றுநர் முன் நிற்கக் கூசித் திடலுக்கு வராதவளைச் சோம்பேறி என்கிறோம். பையனுக்கோ, மீசை அரும்பிய சக வயதினனிடம் தோற்கும் 14 வயதுதான் சோதனைக் காலம்.

பயிற்றுநர்களே, பிறர் முன்னிலையில் பிள்ளைகளை ஒப்பிடுவதை நிறுத்துங்கள். கருப்புக் காற்சட்டைக்கு அனுமதி கொடுங்கள். பெற்றோரே, போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் ஓட்டத்தைப் பற்றித் தயவுசெய்து பேசாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

தங்கைக்கு என்னிடம் வேலை இல்லை என்று சொல்லி, அண்ணனுக்கு மட்டும் அடுத்த புதன்கிழமை வரச் சொல்லி அட்டையில் எழுதிக் கொடுத்தேன். தாயார் அட்டையை இரண்டு முறை படித்தார்.