டிராக்டர் ரிம்மில் துரு: தேய்ப்பதால் மட்டும் ஏன் போவதில்லை?

மினி டிராக்டரின் ரிம்மை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்டும் பூசிவிட்டால் அன்றைக்குப் புதுச் சக்கரம்தான். ஒரு மழைக்காலம் கழிந்ததும் அதே இடத்தில் பெயிண்ட் கொப்பளித்துக் கிளம்பும். பெயிண்ட் மட்டமான சரக்கு என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் தவறு பெயிண்டில் இல்லை. துரு அரித்த குழிகளின் அடியில் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதை வெளியேற்றாமல் செய்கிற எந்த வேலையும் துருவை மூடி வைக்கிற வேலைதான்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஈரம் பட்ட பரப்பில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாக ஓடி, காற்று நன்றாகப் படுகிற இன்னோர் இடத்தில் ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்கின்றன. ஒரே ரிம்மில் ஒரு சிறிய மின்கலம் ஓடுகிறது என்று சொல்லலாம். இதில் கவனிக்க வேண்டியது, ஆக்சிஜன் குறைவாக இருக்கும் இடம்தான் கரைகிறது. காய்ந்த சேற்றுக்கு அடியிலும், டயரின் விளிம்பு ரிம்மோடு அழுந்தி உட்காரும் இடுக்கிலும், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவிலும் காற்று புகாது. ஆகவே வெளியே லேசாகச் சிவந்திருக்கும் ரிம், டயரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏடு ஏடாக உரிந்து கிடக்கும்.

உப்பு இந்த மின்கலத்தை வேகப்படுத்துகிறது. உப்பு கரையும்போது பிரியும் குளோரைடு அயனிகள், அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட துகள்கள், நீரின் மின்கடத்தலைக் கூட்டுகின்றன. இரும்பின் மேல் உருவாகும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைக்கின்றன. கரைந்த இரும்பின் நேர்மின்னூட்டம் அவற்றைக் குழிக்குள் இழுக்கிறது. உள்ளே இருக்கும் நீர் அமிலமாகிறது. அமிலம் மேலும் இரும்பைக் கரைக்கிறது. இத்தனையிலும் குளோரைடு செலவாவதே இல்லை. துரு ஆனபின் மறுபடி அதே வேலைக்கு வந்துவிடும்.

வயலுக்குப் போகும் டிராக்டருக்கு இந்தக் குளோரைடு எங்கிருந்து வருகிறது? நெல்லுக்குப் போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். தூய நிலையில் அதன் எடையில் கிட்டத்தட்ட பாதி குளோரைடு. தொளி உழவில், அதாவது தண்ணீர் கட்டிய சேற்று உழவில், அது கரைந்த சேறு ரிம்மின் மடிப்புகளில் அப்பிக் காய்கிறது. இழுவைத் திறன் கூடுவதற்காக டயருக்குள் தண்ணீர் ஏற்றும்போது உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றினால் அதுவும் ஒரு வழி. அமெரிக்காவின் கார்டன் டிராக்டர்களில் நிலைமை இன்னும் மோசம். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கரைசலையே டயருக்குள் நிரப்புவது அங்கே நெடுநாள் வழக்கம். டியூப் ஓரிடத்தில் கசிந்தால் போதும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரிம் ஒருபோதும் காயாது. முதலில் ஓட்டை விழுவது வால்வுத் துளையைச் சுற்றித்தான்.

வேலையைத் தொடங்குமுன் வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். இரண்டு துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டு இணைத்த ரிம் என்றால் இதில் சமரசமே கூடாது. காற்றோடு போல்ட்டைத் தளர்த்தினால் ரிம்மின் பாதி பறந்துவந்து ஆளை அடிக்கும். தண்ணீர் ஏற்றிய டயராக இருந்தால் வால்வு கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து வடிக்கலாம். கால்சியம் குளோரைடு கரைசலை மரத்தடியிலோ வரப்பிலோ ஊற்றக் கூடாது, செடியைக் கொன்றுவிடும். டயர் ரிம்மில் இருக்கும்போது வெல்டிங் வைப்பதும், நட்டு கழல கேஸ் கட்டரால் சூடு காட்டுவதும் உயிருக்கு ஆபத்து. காற்று இறக்கியிருந்தாலும் இதே ஆபத்துதான். சூட்டில் ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுவை உள்ளே நிரப்புகிறது. டயர் வெடிகுண்டாக வெடிக்கும்.

டயர் விளிம்பைப் பிரிக்க சோப்புத் தண்ணீரே போதும். டீசலும் கிரீஸும் ரப்பரை ஊதவைத்துப் பதம் கெடச் செய்பவை. ரிம் தனியாக வந்ததும் அதன்மேல் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். பஞ்சருக்காக ஊற்றிய சீலண்ட் ஈரமாக இருந்தால் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். காய்ந்து ரப்பர் தோலாகிவிட்டால் வெந்நீரும் சோப்பும் விட்டு ஊறவைத்து, சுரண்டி உரிப்பதுதான் வழி. கிரீஸையும் எண்ணெயையும் சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் முதலிலேயே போக்கிவிட வேண்டும். எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் அமிலமும் வேலை செய்யாது, அடுத்து சொல்லப்போகும் மின்சார முறையும் சரியாக வேலை செய்யாது. பெட்ரோலில் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே கிரைண்டரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பொறி ஒன்று போதும்.

கிரைண்டரில் மாட்டும் கிண்ண வடிவ வயர் பிரஷ் தடித்த ஏடுகளை உடைக்க நல்ல கருவி. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். பிரஷ்ஷில் எழுதியிருக்கும் உச்ச வேகம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கம்பிகள் ஊசிபோலத் தெறிக்கும் என்பதால் முழு முகக் கவசம் அவசியம். ஆனால் இந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. கம்பி குழியின் விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குமே ஒழிய அடிக்குப் போகாது. சில நேரம் உலோகத்தை இழுத்து, உள்ளே துருவும் உப்பும் இருக்கும்போதே குழியின் வாயை மூடியும் விடும்.

குழியின் அடிவரை போவதற்கு மின்னாற்பகுப்பு மலிவான, நல்ல முறை. பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, தண்ணீர், சலவைச் சோடா, பழைய இரும்புக் கம்பிகள், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் ஆகியவை போதும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்தால் முன்சக்கர ரிம் தாராளமாக அடங்கும். 18, 20 அங்குலப் பின்சக்கர ரிம்முக்குச் செங்கல் அடுக்கி உள்ளே தார்ப்பாய் விரித்த தொட்டி வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் சோடியம் கார்பனேட் என்பது கணக்கு. 100 லிட்டருக்கு அரைக் கிலோ. இது நீரில்லாத சோடா மாவுக்கு. பெரிய படிகமாகக் கிடைக்கும் சலவைச் சோடாவின் எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான் என்பதால் அது 1.3 கிலோ தேவைப்படும்.

சார்ஜரின் எதிர்முனை, அதாவது மைனஸ், ரிம்முக்கு. நேர்முனை சுற்றிலும் நிறுத்திய கம்பிகளுக்கு. மாற்றிக் கொடுத்தால் கரைவது ரிம்! கட்டடம் கட்டும் கம்பித் துண்டுகளை ரிம்மைச் சுற்றிச் சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே வயரால் இணைக்கலாம். அவை ரிம்மைத் தொடக் கூடாது. நேர்முனைக் கிளிப் தண்ணீருக்கு மேலேதான் இருக்க வேண்டும். மூழ்கினால் அதுவே கரைந்துபோகும். ரிம்மில் கிளிப் கடிக்கும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியத் தேய்ப்பது முக்கியம். சார்ஜர் ஓடியும் குமிழி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடத்தைத்தான். பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் தரும் புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் பல இதற்கு ஒத்துவராது. பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர்தான் சரி.

கம்பிக்குப் பதில் எவர்சில்வர் போடக் கூடாது. அதில் உள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியமாகத் தொட்டி நீரில் சேரும். நாகப் பூச்சுப் பூசிய தகடும் வேண்டாம். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். எந்தக் குளோரைடைத் துரத்த இவ்வளவு பாடுபடுகிறோமோ அதையே கையால் அள்ளிப் போட்டதாகவும் ஆகும்.

உள்ளே நடப்பது இதுதான். ரிம்முக்குள் எலக்ட்ரான்கள் வந்துகொண்டே இருப்பதால் நல்ல இரும்பு கரையவே முடியாது. சிவந்த துருவின் ஒரு பகுதி எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கறுப்பான, பிடிமானம் இல்லாத பொடியாகிறது. பரப்பில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை அடியிலிருந்து தள்ளுகின்றன. ரிம்மை ஒட்டிய நீர் கடுங்காரமாவதால் பழைய எண்ணெய்ப் பெயிண்டும் இளகித் தோலாகக் கழன்று வரும். நமக்கு இன்னும் முக்கியமானது, எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனிகள் ரிம்மை விட்டு விலகி நேர்முனைப் பக்கம் இழுக்கப்படுகின்றன. குழிக்குள் உப்பை இழுத்த அதே விசை இப்போது திருப்பி வேலை செய்கிறது. கடலடியிலிருந்து எடுத்த பழைய இரும்புப் பொருட்களில் உப்பை வெளியேற்ற அருங்காட்சியகங்களும் இதையேதான் பயன்படுத்துகின்றன.

5 முதல் 10 ஆம்பியரில் ஓர் இரவு முழுக்க ஓடலாம். 10 ஆம்பியர் 10 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 45 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே அது தீப்பிடிக்கும். ஆகவே தொட்டி வெட்டவெளியில், பீடி சிகரெட் பக்கம் வராத இடத்தில் இருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொடலாம். தொட்டிக்கு மேல் பொறி பறக்கக் கூடாது. கம்பிக்கு நேரெதிரே இருக்கும் பரப்புதான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் நடுவில் ஒருமுறை ரிம்மைத் திருப்பி வைக்கலாம். சக்கர போல்ட்டுகளைக் கூடவே போட்டுவிட வேண்டாம். உறுதி மிகுந்த எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சினால் பிறகு சுமையில் பட்டென்று முறியும்.

மின்சாரம் வேண்டாம் என்பவர்கள் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊறவைக்கலாம். புளி போட்டுப் பித்தளைக் குடம் தேய்ப்பதில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்: அமிலம் துருவைக் கரைத்து, கரைந்த உலோகத்தைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. ஆனால் துரு போனபின் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும் என்பதால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் அருகில் கொண்டுவரக் கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு சில நிமிடங்களில் கரையும்; குளோரைடோ குழியில் தங்கிவிடும். அதன் ஆவி கொட்டகையில் இருக்கும் மற்ற கருவிகளையும் சிவக்க வைக்கும்.

வெளியே எடுத்த ரிம்மை நைலான் பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புக் கரி போய்ச் சாம்பல் நிற உலோகம் தெரியும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, கடைசியில் வெந்நீர் ஊற்றி, உடனே வெயிலிலும் காற்றிலும் உலர்த்த வேண்டும். உப்பு மிச்சம் இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெயிண்ட் அடிக்காமல் ஓர் இரவு ஈரக்காற்றில் வைத்தால் பரப்பு முழுதும் லேசாக மஞ்சள் ஓடும். அது பரவாயில்லை. சில குழிகள் மட்டும் கறுத்து நீர்த்துளி கோத்து நின்றால் அங்கே உப்பு இருக்கிறது. மீண்டும் கழுவ வேண்டும், அல்லது புதுச் சோடா நீரில் இன்னொரு இரவு ஓட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் பொறுமை காட்டியவரின் ரிம்தான் நிலைக்கும்.

இப்போதுதான் ரிம்மின் உண்மையான நிலை தெரியும். வால்வுத் துளையைச் சுற்றியும் போல்ட் துளைகளைச் சுற்றியும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். ஓசை மழுங்கினாலோ தகடு உள்வாங்கினாலோ அங்கே உலோகம் மெலிந்துவிட்டது. வால்வுத் துளையோரத்து ஓட்டையை ஒட்டுப்போட்டு வெல்டு செய்யலாம். போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தாலோ அதிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தாலோ ரிம்மை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இரவில் படிந்த மஞ்சளை உப்புத்தாளால் எடுத்துவிட்டு, அன்றே இரண்டு பாகம் கலக்கும் எப்பாக்சி பிரைமரை அடிக்க வேண்டும். ரெட் ஆக்சைடு மலிவு. ஆனால் அது மட்டும் இருந்தால் ஈரத்தைத் தடுக்காது, மேல்பூச்சு கட்டாயம். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் மெல்லிய பூச்சே போதும். தடித்துவிட்டால் டயர் ஏறும்போது உரிந்து, அடுத்த துரு அங்கிருந்து தொடங்கும். ஹப்போடு ரிம் ஒட்டும் முகத்திலும் நட்டு அமரும் சரிவிலும் பிரைமரின் மெல்லிய படலத்துக்கு மேல் எதுவும் வேண்டாம். அழுத்தத்தில் பெயிண்ட் நசுங்கி மெலிய, நட்டு தளரும். மாட்டியபின் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் வேலை முடிந்ததும் இன்னொரு முறை.