கொடும்பாவி அன்று, விளார்ப்பாவை

1973இல் வெளிவந்த ‘தி விக்கர் மேன்’ என்ற பிரித்தானியத் திகில் படத்தைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் சிலர், தலைப்பைக் ‘கொடும்பாவி’ என்று பெயர்த்துவிட்டு, மண்மணம் கமழும் சொல் கிடைத்ததென மகிழ்கின்றனர். சொல் நல்ல சொல்தான். அமர்த்திய இடம்தான் தவறு.

‘விக்கர்’ என்பது ஸ்காண்டிநேவிய மொழிகளின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல். வளைதல் என்ற பொருளுள்ள வேரில் பிறந்தது. வளைத்துப் பின்னத்தக்க இளங்கிளையையும், அதனால் பின்னிய பொருளையும் குறிக்கும். இதைப் ‘பிரம்பு’ என்போர் கடையில் விற்கும் நாற்காலியை நினைத்துச் சொல்கிறார்கள். பிரம்பு பனைக் குடும்பத்து வெப்பநாட்டுக் கொடி, படத்தின் கதை நடக்கும் ஸ்காட்லாந்துத் தீவில் முளைக்காது. தமிழில் வளார், விளார் என்று இதற்குச் சொல் உண்டு. புளியம்விளாரை முதுகில் அறிந்த தலைமுறைக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனிக் கொடும்பாவி. மழை பொய்த்த ஊரில் வைக்கோலால் ஓர் உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர்ப்புறத்தில் கொளுத்துவது நம் வழக்கம். ஊரில் எவரோ செய்த பெரும்பாவமே வானத்தை வறளச் செய்தது என்பதும், அந்தப் பாவி ஒழிந்தால் மழை வரும் என்பதும் அதன் அடிப்படை. படத்திலும் விளைச்சல் பொய்க்கிறது, உருவம் எரிகிறது; ஒப்புமை கவர்ச்சியானதே என்பதை மறுக்கவில்லை. ஆனால் படத்தில் வரும் சம்மரைல் தீவினர் தேடுவது பாவியை அன்று. காணாமற்போன சிறுமியைத் தேடி வரும் காவலர் ஹோவி பக்தியுள்ள கிறித்தவர், பெண்ணுறவு அறியாதவர். தானாக வந்தவர், சட்டத்தின் பேரால் அரசனின் அதிகாரத்தோடு வந்தவர், முட்டாளாக வந்தவர் என்று அவரது தகுதிகளை அடுக்கிக் காட்டியே அவரைப் பலியாக்குகிறார்கள். தூய்மைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எரியும் படத்துக்குப் பாவியின் பெயரைச் சூட்டுவது, கதையைத் தலைகீழாக நிறுத்துவதாகும். மேலும் நம் கொடும்பாவியில் எரிவது உருவம் மட்டுமே. அங்கோ உருவம் வெறும் கூண்டு, எரிவது உள்ளே அடைபட்ட மனிதரும் விலங்குகளும்.

எதிர்த்தரப்பினர் ஜூலியஸ் சீசரைத் துணைக்கு அழைக்கலாம். இன்றைய பிரான்சுப் பகுதியான கோல் நாட்டில் தாம் நடத்திய போர் பற்றிய குறிப்புகளின் ஆறாம் பகுதியில், அந்நாட்டார் விளார்களால் பின்னிய பேருருவங்களின் உறுப்புகளுக்குள் உயிருள்ள மனிதரை நிரப்பிக் கொளுத்துவர் என்று எழுதும் அவர், திருடர் முதலிய குற்றவாளிகளையே தெய்வங்கள் பெரிதும் விரும்புவதாக அம்மக்கள் நம்பினர் என்கிறார். ஆனால் அத்தகையோர் கிடைக்காதபோது குற்றமற்றவரையும் விடுவதில்லை என்பது அவரே எழுதிய அடுத்த செய்தி. எதிரிகளைப் பற்றி ஒரு படைத்தலைவர் எழுதியதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு வழக்கு. அவரும் பின்னலைத்தான் சொல்கிறார், பாவத்தை அன்று.

அயலாரின் சடங்கு எதைக் கண்டாலும் நம்மூரில் அதற்கு ஓர் இரட்டைப் பிறவியைக் கண்டுபிடித்துப் பெயரிடுவதையே தமிழாக்கம் என்று கருதும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. தனித்தமிழில் எனக்குப் பற்று உண்டு; ஆயினும், பொருளைச் சிதைக்கும் தூய சொல்லைவிட ‘விக்கர்’ என்று ஒலிபெயர்த்துவிட்டுப் போவது எவ்வளவோ நேர்மையானது. செய்தித்தாள்களில் அரசியல் தலைவர்களின் உருவ எரிப்பையெல்லாம் கொடும்பாவி எரிப்பு என்று எழுதி எழுதி, மழைச்சடங்கின் பொருளையே மழுங்கடித்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர்களும் தம் பங்குக்கு அதை ஸ்காட்லாந்துக்கு ஏற்றுமதி செய்ய வேண்டுமா?

‘விளார்ப்பாவை’ என்பதே என் பரிந்துரை. பாவை பெண்ணைக் குறிக்காதா என்பார்கள். மரப்பாவை, தோற்பாவை என்னும்போது எவரும் அப்படிக் கேட்பதில்லை. மனிதன் என்ற சொல் இருந்தே ஆகவேண்டும் என்று ‘விளார் மனிதன்’ என்று எழுதினாலோ, விளாரைக் கையில் வைத்திருக்கும் வாத்தியார்தான் நினைவுக்கு வருவார்.